கல்லீரலுக்கு இரத்தச் சோதனையா, சிறுநீர்ச் சோதனையா?

கோத்தகிரியில் தேயிலை பறித்துவந்த பெரியம்மாவுக்குச் சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனபோதுதான் கல்லீரல் எங்கள் நினைவுக்கே வந்தது. சிறுநீர்ச் சோதனை எளிது. ஊசி வேண்டாம், சோதனைப் பட்டையை நனைத்தால், பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி இருப்பது தெரிந்துவிடும். ஆனால் கல்லீரலில் தழும்பு ஏறிய பலருக்கு அந்தப் பட்டை நிறம் மாறுவதே இல்லை.

நாள்பட்ட நோய்க்கு இரத்தச் சோதனையின் பக்கமே நான் நிற்பேன். வயது, ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. என்ற இரண்டு கல்லீரல் நொதிகள், இரத்தத் தட்டணுக்கள் ஆகிய நான்கையும் வைத்து ஃபிப்-4 என்ற எண்ணைக் கணக்கிடுகிறார்கள். 1.3-க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்புக்கு வாய்ப்புக் குறைவு. 2.67-ஐத் தாண்டினால் கோவைக்கு மலையிறங்கியாவது கல்லீரல் விறைப்பை அளக்கும் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். 65 வயதைக் கடந்தவர்களுக்குக் கீழ்வரம்பு 2. பெரியம்மாவுக்கு 68 வயது, அவருடைய 1.7-ஐப் பார்த்துப் பதறிய எனக்கு இதை மருத்துவர்தான் பொறுமையாக விளக்கினார்.