அரசுப் பணம் இரண்டு வழிகளில்: நெல்லைப் பெற்றோருக்கு எது உதவும்?

தனியார் நடத்தும் பள்ளிக்கு அரசு ஏன் பணம் தர வேண்டும் என்று கேட்பவர்கள் பாளையங்கோட்டைக்கு வந்து பார்க்கலாம். மிஷனரிகள் தொடங்கிய பள்ளிகள் நிறைந்த ஊர் இது. ஆங்கிலேயர் காலத்தில், 1854-இல் வந்த சார்லஸ் உட் கல்வி அறிக்கை தனியார் பள்ளிக்கு அரசு மானியம் தரும் முறைக்கு வழிவகுத்தது. இன்றைய அரசு உதவிபெறும் பள்ளிகள் அந்த வழியில் வந்தவை. இங்கே நிர்வாகம் பெரும்பாலும் திருச்சபையுடையது, அரசு ஒப்புதல் பெற்ற பணியிடங்களுக்குச் சம்பளம் அரசுடையது.

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடஒதுக்கீடு வேறு வகை. சுயநிதிப் பள்ளியில் சேரும் ஏழைப் பிள்ளைக்காக, எட்டாம் வகுப்பு வரை கட்டணத்தை அந்தப் பள்ளிக்கு அரசு தருகிறது. பணம் பிள்ளையோடு போகிறது. சிலி 1981-இலும் சுவீடன் 1992-இலும் தொடங்கிய, பிள்ளை சேரும் பள்ளிக்கு அரசுப் பணம் போகும் ‘வவுச்சர்’ முறைக்கு இது தூரத்து உறவு.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நெல்லையில் அது எங்கே இடிக்கிறது என்று பாருங்கள். வீடு பள்ளியிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். மானூர்ப் பக்கத்துக் கிராமங்களில் அந்தத் தொலைவுக்குள் எத்தனை மெட்ரிக் பள்ளிகள் கிடைக்கும்? பாளையங்கோட்டையில் பள்ளிக்குப் பஞ்சமில்லை. ஆனால் பேர்பெற்றவற்றில் பல சிறுபான்மைப் பள்ளிகள். 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி இந்தச் சட்டம் அவற்றைக் கட்டுப்படுத்தாது. எஞ்சியவற்றில் இடம் போதாவிட்டால் குலுக்கல். 2025-இல் மத்திய நிதி வராததால் சேர்க்கையே அக்டோபர் வரை தள்ளிப்போனது. அதுவரை பிள்ளையை எங்கே உட்கார வைப்பது என்று எந்தக் கோப்பும் சொல்லவில்லை.

உதவிபெறும் பள்ளியில் 1 கிலோமீட்டர் கணக்கு இல்லை. மேல்நிலைப் பள்ளியாக இருந்தால் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒரே இடம். தொடக்கப் பிரிவுக்கு முதலமைச்சரின் காலை உணவும் வந்துவிட்டது: ஊரகத்துக்கு 2024-இல், நகர்ப்புறத்துக்கு 2025-இல். ஆனால் சிறுபான்மைப் பள்ளியில் யாரைச் சேர்ப்பது என்பது பெரும்பாலும் நிர்வாகத்தின் கையில். சம்பளம் பொதுப்பணம் என்றால் சேர்க்கைப் பட்டியலும் பொதுவில் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. இன்னொன்று, பல வளாகங்களில் ஆங்கில வழிப் பிரிவு சுயநிதியில் ஓடுகிறது. ஒரே மணி, ஒரே மைதானம், கட்டண ரசீது மட்டும் வேறு. சேர்க்கும் முன் எந்தப் பிரிவு என்று கேட்டுவிடுங்கள்.

அரசுப் பள்ளியைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. வருகிற பிள்ளையை அது திருப்பி அனுப்புவதில்லை. மருத்துவப் படிப்பில் 2020-இல் வந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீடும் அதற்குத்தான். உதவிபெறும் பள்ளிக்கு இல்லை.

நகரத்துக் கூலிக் குடும்பத்துக்கு உதவிபெறும் பள்ளியின் தமிழ்வழிப் பிரிவையே முதலில் சொல்வேன். கிராமத்தில் அரசுப் பள்ளியை. 25 சதவீதத்தில் இடம் கிடைத்தவர்கள் ஒன்பதாம் வகுப்புக்கு இப்போதே கணக்குப் போட வேண்டும். அங்கிருந்து கட்டணம் அவர்கள் தலையில். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் அந்த 7.5 சதவீதத்துக்கு அவர்களும் தகுதி பெறுவார்கள்.