அறுத்த பின் தெரிந்த உண்மை

எனது விந்தில் ஒரு விந்தணுகூட இல்லை என்பது இரண்டு பரிசோதனைகளில் உறுதியான பின், யாழ்ப்பாண நகரிலுள்ள ஒரு தனியார் சிகிச்சை நிலையத்துக்கு நானும் மனைவியும் சென்றோம். அங்கிருந்த வைத்தியர் ஓமோன்களை மட்டும் பார்த்து, விந்தணு உற்பத்தியைத் தூண்டும், விதை பழுதுபட்டால் உயரும் எப்.எஸ்.எச். ஓமோனின் அளவு 5.8 என்று சாதாரண எல்லைக்குள் இருப்பதாலும் விதைகள் சிறுக்காமல் இருப்பதாலும், விதையைத் திறந்து தேடினால் விந்தணு கட்டாயம் கிடைக்கும் என்றார். நிறமூர்த்தப் பரிசோதனை வேண்டாமா என்று மனைவி கேட்டபோது, "அது தேவையில்லாத செலவு, பிள்ளை" என்று சொல்லிச் சத்திரசிகிச்சைக்குத் திகதி குறித்தார்.

அந்தச் சொல்லை நம்பி மனைவியின் காப்புகளை அடகு வைத்தோம். அந்தத் திகதிக்குப் பொருந்துமாறு அவருக்குப் பதினொரு நாட்கள் ஊசி ஏற்றிக் கருமுட்டைகளையும் எடுத்தார்கள். என் இரு விதைகளிலும் தேடியும் எதுவும் கிடைக்கவில்லை.

பின்னர் கொழும்பில் வேறொரு வைத்திய நிபுணர் என் இரத்தத்தை மட்டும் எடுத்து அனுப்பினார். வை நிறமூர்த்தத்தில் ஏ.இசட்.எப்.பி. எனப்படும் பகுதி முழுவதுமாக இல்லை என்று முடிவு வந்தது. இந்நிலையில் விந்தணுவாக வேண்டிய கலங்கள் வளர்ச்சியின் நடுவே நின்றுவிடுகின்றன. ஆனால் ஆரம்பக் கலங்கள் விதையில் இருப்பதால் எப்.எஸ்.எச். உயராமல் இருக்கலாம். எனக்கு நம்பிக்கை தந்த அந்த எண்ணின் பொருள் இவ்வளவுதான். ஏ.இசட்.எப்.ஏ. அல்லது பி. பகுதி முழுவதும் இழக்கப்பட்டவர்களுக்கு விந்தணு கிடைக்கும் வாய்ப்பு நடைமுறையில் இல்லாததால், இச்சத்திரசிகிச்சையே வேண்டாம் என்பதுதான் வழக்கமான ஆலோசனை என்றும் அவர் விளக்கினார். ஏ.இசட்.எப்.சி. பகுதியை மட்டும் இழந்தவர்களில் பலருக்கு விந்தணு கிடைக்கிறது, ஆனால் அந்த இழப்பு ஆண் பிள்ளைகளுக்கும் கடத்தப்படும். மாறாக, ஓர் எக்ஸ் நிறமூர்த்தம் கூடுதலாக, 47 நிறமூர்த்தங்களுடன் பிறந்த கிளைன்பெல்ட்டர் நிலையினருக்கு எப்.எஸ்.எச். மிக உயர்ந்திருந்தும், நுணுக்குக்காட்டியின் உதவியுடன் தேடும்போது ஏறத்தாழ பாதிப்பேருக்கு விந்தணு கிடைக்கிறது. ஓமோன் எண்ணை மட்டும் காட்டி உறுதி தருபவரையும் நம்ப வேண்டாம், கைவிரிப்பவரையும் நம்ப வேண்டாம்.

எனக்கு வலித்தது என் காயமன்று. ஒருமுறை செய்தால் வாழ்நாளுக்கும் போதுமான ஓர் இரத்தப் பரிசோதனையைத் தவிர்த்து, என் மனைவியின் உடலில் அத்தனை ஊசிகளை ஏற்றியதை என்னால் மன்னிக்க முடியவில்லை. உங்களுக்கும் திகதி குறித்திருந்தால், நிறமூர்த்த அறிக்கையும் வை நிறமூர்த்த இழப்பு அறிக்கையும் கைக்கு வரும்வரை முதல் ஊசியைப் போட விடாதீர்கள்.

என் விதையிலிருந்து எடுத்த துண்டை நுணுக்குக்காட்டியில் பார்த்து எழுதும் இழையவியல் அறிக்கையைக் கேட்டு அந்நிலையத்துக்கு இருமுறை கடிதம் கொடுத்துள்ளேன். இதுவரை பற்றுச்சீட்டின் பிரதி மட்டுமே வந்திருக்கிறது.