கட்டிலுக்கு அடியில் ஒரு ஜோடி ஸ்கீ, 90 யூரோவுக்கு ஒரு மெழுகுப் பெட்டி

திருப்பூரில் ஸ்கீக்கு, அதாவது பனியில் வழுக்கிப் போகக் காலில் மாட்டும் நீளப் பலகைக்கு, மெழுகு தேய்க்கிறவன் அநேகமாக நான் ஒருத்தன்தான். பின்னலாடை நிறுவனம் ஒன்றில் நூல் கொள்முதல் பார்க்கிறேன். முன்பு இரண்டு வருடம் முனிக்கில் வேலை பார்த்தபோது பிடித்த பைத்தியம், இன்னும் தெளியவில்லை. வருடம் ஒருமுறை மார்ச் கடைசியில் ஆபீஸ் வேலையாக ஜெர்மனி போவேன். கூடவே நாலு நாள் லீவு சேர்த்து, ஆஸ்திரியாவில் இன்ஸ்ப்ருக் பக்கத்திலுள்ள ஸ்டூபாய் பனியாற்றுக்குப் போய்விடுவேன். அங்கே ஸ்டூபாய் ஜூ என்று ஒரு பார்க் உண்டு. பனியைக் குவித்துக் கட்டிய ஜம்ப்புகள், வழுக்கிப் போகும் இரும்புக் கம்பிகள், பெட்டிகள் எல்லாம் வரிசையாக இருக்கும். ஸ்கீயை வைத்திருந்த நண்பர் வீடு மாறியதால் அதை ஊருக்கே தூக்கி வர வேண்டியதாயிற்று. பெட்டி வாங்கிய கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அந்த முதல் வருடம் ஸ்கீ இரண்டும் எங்கள் குடோனில், தகரக் கூரைக்குக் கீழே, நூல் கோன் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் பத்து மாதம் நின்றன. எடுத்துப் பார்த்தபோது அடிப்பக்கம் ஓரமெல்லாம் சாம்பல் பூத்த மாதிரி வெளுத்திருந்தது. தூசி என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் கிளம்பினேன். பார்க்கில் நடுத்தர ஜம்ப் ஒன்று எனக்குப் பழக்கம். ஏறு மேடு, அப்புறம் மேசை போலத் தட்டையான பகுதி, அதைத் தாண்டினால் இறங்கு சரிவு. சரிவில் இறங்கினால் பஞ்சு மூட்டை மேல் விழுந்த மாதிரிதான். தட்டையிலோ, அது முடிகிற விளிம்பிலோ விழுந்தால் உடம்பு எடை மொத்தமும் முழங்காலுக்குப் போகும். வழக்கமாக எந்தக் கொடிக்குப் பக்கத்திலிருந்து கிளம்புவேனோ அங்கிருந்தேதான் கிளம்பினேன். எட்டாது என்பது காற்றில் இருக்கும்போதே தெரிந்துவிட்டது. அங்கே பிரேக் மட்டுமல்ல, ஆக்சிலேட்டரும் கிடையாது. விளிம்பில் போய் உட்கார்ந்தேன். முழங்கால் இளநீர்க் காய் அளவுக்கு வீங்கியது. அந்த வெளுப்பு தூசியல்ல, மெழுகு வற்றிக் காய்ந்த அடையாளம். காய்ந்த அடிப்பக்கம் பனியில் உரசி வேகத்தைக் குறைத்துவிட்டது.

வெட்கக்கேடு என்னவென்றால், இந்த விஷயம் எனக்குத் தொழிலிலேயே தெரியும். பின்னலுக்குப் போகும் நூலைக் கோனில் சுற்றும்போது ஒரு மெழுகு வில்லையை உரசிக்கொண்டு போகும்படி விடுவார்கள். மெழுகு படாத கோன் வந்துவிட்டால் நிட்டிங்காரர் அன்றைக்கே போன் பண்ணிவிடுவார்: நூல் அறுகிறது, துணியில் ஓட்டை விழுகிறது. மெழுகு கூடிப்போனாலும் தொல்லைதான். உராய்வு திரும்ப ஏறும், ஊசியில் பிசுக்குப் படியும். இத்தனை வருடம் மில்காரர்களோடு மெழுகுக்காகச் சண்டை போட்டவன் சொந்த ஸ்கீயைக் காய விட்டிருக்கிறேன்.

ஊர் திரும்பும் வழியில் முனிக்கில் இந்தப் பெட்டியை வாங்கினேன். பெயர் வேண்டாம். நாலைந்து கம்பெனிகள் இதே சாமான்களை ஒரே மாதிரி அடுக்கி விற்கின்றன. ஒரு குட்டி இஸ்திரிப் பெட்டி, 180 கிராம் பொது மெழுகு, பிளாஸ்டிக் சுரண்டி, நைலான் பிரஷ், விளிம்பு தேய்க்க ஒரு சின்ன அரம், ரப்பர் போன்ற ஒரு கல், அடிப்பக்கத்தில் விழும் ஓட்டையைப் பற்ற வைத்துச் சொட்டவிட்டு அடைக்க ஒரு பிளாஸ்டிக் குச்சி. இரண்டு பனிக்காலம் பயன்படுத்திவிட்டேன்.

இதில் விலைக்குத் தகுந்த சாமான் இஸ்திரிப் பெட்டிதான். அதைத் தொடாமலே சமாளிக்கலாம் என்று முதலில் நானும் பார்த்தேன். திருப்பூரில் இஸ்திரிப் பெட்டிக்கா பஞ்சம்? ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பெனி அயர்ன் டேபிளில் ஸ்கீயைக் கவிழ்த்துப் போட்டு வேலையை ஆரம்பித்தேன். எதையோ மறந்துவிட்டு எடுக்க வந்த அயர்ன் மாஸ்டர் அப்படியே நின்றுவிட்டார். “ஏனுங் சார், துணியே இல்லீங்களே, எதைத் தேய்க்கறீங்க?” மறுநாள் அவர் கோபப்பட நியாயமான காரணம் இருந்தது. நீராவித் துளைகளில் புகுந்த மெழுகு திங்கட்கிழமை காலையில் வெள்ளை டி-சர்ட் ஐந்தாறில் எண்ணெய்க் கறையாக இறங்கிவிட்டது.

கறை போகட்டும், சூடுதான் பெரிய பிரச்சினை. ஸ்கீயின் அடிப்பக்கம் பாலிஎதிலின் என்கிற ஒருவகை பிளாஸ்டிக். ஏறக்குறைய 135 டிகிரியில் உருக ஆரம்பித்துவிடும். பருத்திக்கு வைக்கும் சூடு அதைவிட ரொம்ப அதிகம். நம் பெட்டிகளின் தெர்மோஸ்டாட் ஏறி இறங்கி விளையாடும் வேறு. இந்தக் குட்டிப் பெட்டியின் அடித்தகடு தடிமன், துளை கிடையாது, 120-இல் வைத்தால் ஏறக்குறைய அங்கேயே நிற்கும். புகை வந்தால் சூடு அதிகம் என்று அர்த்தம். பெட்டியை ஓரிடத்தில் நிறுத்தவே கூடாது, நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரே குறை, பிளக் ஜெர்மன் வகை. நம் பாயிண்டில் போகாது, அடாப்டர் தனியாக வாங்க வேண்டும்.

மெழுகு உருகி இறங்கியதும் நன்றாக ஆறவிட்டு, மேலே நிற்பதையெல்லாம் சுரண்டி எடுத்து, பிரஷ் போட வேண்டும். “கஷ்டப்பட்டுப் போட்டதை எதுக்கு கண்ணு வழிச்செடுக்கறே?” என்று அம்மா கேட்டார். கோன் கணக்குதான் அம்மா என்றேன். வேலை செய்வது உள்ளே போன மெழுகு. மேலே நிற்பது பனியைப் பிடித்து இழுக்கும். என் ஸ்கீயின் அடிப்பக்கம் தூளை அழுத்திச் சூடாக்கிச் செய்யும் வகை, சின்டர்ட் என்பார்கள். மெழுகை நன்றாகக் குடிக்கும், குடித்தால் வேகமாக ஓடும், காயப் போட்டால் முரண்டு பிடிக்கும். உருக்கி வார்த்துச் செய்யும் மலிவான வகையும் உண்டு. அது அவ்வளவாகக் குடிக்காது, அவ்வளவாகக் கோபித்துக்கொள்ளவும் செய்யாது. வருடத்துக்கு நாலு நாள் ஓடுகிற என்னைப் போன்ற ஆளுக்கு அதுவே போதும் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் வாங்கும்போது யார் கேட்டோம்.

பெட்டியில் உள்ள கையேடு சொல்லாத ஒன்று: கொங்கு வெயிலில் இந்த வேலை ஆகாது. ஏப்ரலில் மாடியில் செய்து பார்த்தேன். மெழுகு இறுகவே இல்லை, சுரண்டினால் அல்வா மாதிரி இழுத்துக்கொண்டு வந்தது. மார்கழி விடிகாலையில் செய்தால் சுருள் சுருளாக உதிர்கிறது. இல்லையென்றால் ஏசி ரூமில்தான், வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டு.

சரி, வேகத்துக்கு வருவோம். மெழுகு போட்ட முதல் வருடம் பார்க்குக்குப் போனதும் ஜம்ப்பில் ஏறவில்லை. ஓரமாகவே இரண்டு தடவை ஓடிப் பார்த்தேன். நல்லவேளை. பழைய கொடியிலிருந்து கிளம்பியிருந்தால் இறங்கு சரிவையே தாண்டிப் போய்க் கீழே சமதரையில் விழுந்திருப்பேன். பத்து, பன்னிரண்டு அடி கீழேயிருந்து கிளம்பியே சரியாக இறங்கினேன். மதியம் கதை மாறிவிட்டது. மார்ச் வெயிலில் பனி கஞ்சிபோல் ஆகிவிடும். ஸ்கீக்கும் பனிக்கும் நடுவே மெல்லிய நீர்ப்படலம் இருக்கும்வரைதான் வழுக்கும். தண்ணீர் கூடிவிட்டால் ஈரத் தரையில் கண்ணாடித் தட்டு ஒட்டுவது மாதிரி உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். காலையில் கிளம்பிய இடம் மதியத்துக்கு உதவாது. அந்தத் தண்ணீரை வடிய விடுவது அடிப்பக்கத்தில் கீறியிருக்கும் நுண்ணிய கோடுகள்தான். கல் மெஷினில் அரைத்துப் போடுவது அது, இந்தப் பெட்டியால் முடியாது. கோயம்புத்தூரில் கிரைண்டருக்குக் குறைவில்லை, ஆனால் இந்த மாவு அதில் அரையாது.

ஒரு குறும்பும் செய்தேன். மில்லிலிருந்து வந்த மெழுகு வில்லை ஒன்றை உருக்கி இடது ஸ்கீக்கு மட்டும் போட்டேன், வலதுக்குப் பெட்டி மெழுகு. இரண்டும் ஹைட்ரோகார்பன் குடும்பம்தானே, அதுவும் வில்லை இலவசம். மதியக் கஞ்சிப் பனியில் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. மறுநாள் காலை, உறைந்து மொறமொறவென்று இருந்த பனியில், இடது கால் பின்னால் யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது. குளிர்ந்த பனியின் துகள் கூர்மையானது, மெழுகு மென்மையாக இருந்தால் குத்தி இறங்கிவிடும். அதனால்தான் குளிருக்குக் கெட்டி மெழுகு, ஈரத்துக்கு மென்மையான மெழுகு என்று வைத்திருக்கிறார்கள். பொது மெழுகு இரண்டுக்கும் நடுவே ஒப்பேற்றும், அவ்வளவுதான். பந்தயக்காரர்களுக்குப் பத்தாது, எனக்குப் பத்தும்.

ஃப்ளோரின் இல்லை என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கிறது. ஃப்ளோரின் கலந்த மெழுகு ஈரப்பனியில் பறக்கும், ஆனால் மண்ணிலும் நீரிலும் மட்காமல் தங்கிவிடும். 2023-24 பருவத்திலிருந்து சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பின் போட்டிகளில் அதற்கு முழுத் தடை. நொய்யலைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதில் வருத்தமில்லை.

பெட்டியில் சோடை அரம்தான். பிடி வழுக்குகிறது, கோணம் நிற்கவில்லை. ஆனால் அந்த ரப்பர் கல் தங்கம். பார்க்கில் கம்பி மேல் பக்கவாட்டில் வழுக்கும்போது விளிம்பு கூராக இருந்தால் மாட்டிக்கொள்ளும். முனையிலும் வாலிலும் காலுக்கு நேர் கீழேயும் கொஞ்சம் மழுக்கி வைப்பது வழக்கம். ஒரு வருடம் பள்ளத்தாக்குக் கடை ஒன்றில் சர்வீஸுக்குக் கொடுத்தேன். பார்க்குக்கு என்று சொல்லியும் நுனியிலிருந்து நுனிவரை சவரக் கத்தியாகத் தீட்டிக் கொடுத்தார்கள். முதல் கம்பியிலேயே விளிம்பு மாட்டி, நெஞ்சில் வாங்கினேன். இப்போது கம்பியில் அடிபட்டு எழும் பிசிறுகளையும் ராத்திரியே இந்தக் கல்லால் நீவிவிடுகிறேன். பிசிறு இருந்தால் நேராக ஓடும்போதும் இழுக்கும்.

மறுபடி வாங்குவதானால் பெட்டியாக வாங்க மாட்டேன். இஸ்திரி, சுரண்டி, பிரஷ், ரப்பர் கல் நான்கையும் தனித்தனியாக, மெழுகில் கெட்டி ஒன்று, பொது ஒன்று. ஓட்டை அடைக்கும் குச்சியை இதுவரை பற்ற வைக்கவில்லை. மெழுகு இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது.

ஸ்கீ இப்போது குடோனில் இல்லை. இந்த வருடம் ஊருக்கு வந்ததும் தடிமனாக மெழுகு போட்டு, விளிம்பு இரும்பையும் மூடி, சுரண்டாமல் அப்படியே கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். ஐப்பசி மழைக்குத் துரு ஏறாது, அடிப்பக்கமும் காயாது. சுரண்டுவதை மார்கழியில் பார்த்துக்கொள்ளலாம். அதற்குள் சுரண்டியைத் திரும்ப வாங்க வேண்டும். கறை சம்பவத்துக்குச் சமாதானமாக அயர்ன் மாஸ்டரிடம் கொடுத்தது, டேபிளில் ஒட்டிய ஸ்டிக்கர் எடுக்க ரொம்ப நல்லா இருக்குதுங்க என்று இன்னும் அவரே வைத்திருக்கிறார்.