கொலை பிரமாதம், வழக்குதான் பாதி: ஒரு ஞாயிற்றுக்கிழமை நடை

என் பிறந்தநாளுக்கு மகள் வழக்கமாக வேட்டி சட்டை எடுத்துத் தருவாள். இந்த முறை இரண்டு டிக்கெட். பழைய மெட்ராஸின் பிரபல கொலை வழக்குகளோடு சம்பந்தப்பட்ட இடங்களைச் சுற்றிக் காட்டுகிறார்களாம், ஞாயிறு காலை ஆறரைக்குப் பாரிமுனையில் நிற்க வேண்டும், ஆளுக்கு 700 ரூபாய். முப்பது வருஷம் வக்கீல் குமாஸ்தாவாகக் கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு ஹைகோர்ட்டில் ஏறி இறங்கியவனிடமே காசு வாங்கிக்கொண்டு ஹைகோர்ட்டைக் காட்டுவதா என்று சிரிப்புதான் வந்தது. போய் வந்தாச்சு. நடத்துகிறவர்கள் சின்னப் பிள்ளைகள், புதிதாக ஆரம்பித்திருக்கிறார்கள், அதனால் பேரைப் போடவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கதை சொன்ன தம்பிக்கு அபாரமான வாய். ஷட்டர் எல்லாம் இறங்கிக் கிடந்த சைனா பஜாரில் எங்களை நிறுத்தி ஆளவந்தார் கதையை ஆரம்பித்தான் பாருங்கள், பதினெட்டுப் பேரில் ஒருவர்கூடப் போனை எடுக்கவில்லை. 1952 ஆகஸ்ட். ஜெம் அண்ட் கோ பேனாக் கடையில் வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்த மனிதர் ராயபுரத்தில் ஒரு கணவன் மனைவி வீட்டுக்குப் போகிறார், திரும்பவில்லை. போட் மெயில் ரயிலில் ஒரு டிரங்குப் பெட்டி நாறுகிறது என்று மானாமதுரையில் இறக்கிப் பார்த்தால் தலையில்லாத உடல். தலை ராயபுரம் கடற்கரையில் ஒதுங்குகிறது. அந்தக் கடற்கரைக்கே வேனில் கூட்டிப்போய் மிச்சத்தைச் சொன்னான், என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் பிணம் கிடைத்ததும் கதை முடிந்துவிட்டது! "அப்புறம் புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரையும் புடிச்சு ஜெயில்ல போட்டாங்க" என்று ஒரே வரி. அட தம்பி, சுவாரசியமே அங்கேதானே ஆரம்பிக்கிறது. ஒரு ஊரில் தலை, இன்னொரு ஊரில் முண்டம். இரண்டும் ஒரே ஆள்தான், அந்த ஆள் ஆளவந்தார்தான் என்று கோர்ட்டில் நிற்கிற மாதிரி நிரூபிக்க வேண்டுமே? காதில் இருந்த துளையையும், ராணுவத்தில் இருந்தபோது பதிவான கைரேகையையும் வைத்துத்தான் ஆளை உறுதி செய்தார்கள். இதை நம் ஊர் தடயவியலுக்கே ஒரு பாடம் என்பார்கள் எங்கள் வக்கீல்கள். இத்தனைக்கும் பிறகு நீதிபதி பஞ்சாபகேச ஐயர் 1953-ல் கொடுத்தது கணவனுக்கு 7 வருஷம், மனைவிக்கு 3 வருஷம். தலையை வெட்டிக் கடலில் போட்டவனுக்கு ஏன் தூக்கு இல்லை? இறந்தவர் அந்தப் பெண்ணுக்குக் கொடுத்த தொல்லையையும் சேர்த்துத்தான் நீதிபதி பார்த்தார். அது சரியா தவறா என்று பதினெட்டுப் பேரும் டீக்கடையில் அரை மணி நேரம் சண்டை போட்டிருக்கலாம். வாய்ப்பே கொடுக்கவில்லை.

லட்சுமிகாந்தன் வழக்கில்தான் எனக்குப் பொறுக்கவில்லை. 1944 நவம்பர் 8, வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போன பத்திரிகைக்காரரைக் குத்துகிறார்கள், மறுநாள் ஆஸ்பத்திரியில் சாகிறார். தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதாகிறார்கள். எல்லாம் சரியாகச் சொன்னான். பாகவதர் உள்ளே இருக்க, அவர் நடித்த படம் பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி பார்த்ததையும் அழகாகச் சொன்னான். பிறகு "ஆயுள் தண்டனை, சுப்ரீம் கோர்ட் போய் விடுதலை" என்றானே பார்க்கலாம். 1947-ல் ஏது தம்பி சுப்ரீம் கோர்ட்? அது 1950-ல் வந்தது. இவர்கள் போனது அப்போதைய கடைசி அப்பீல் கோர்ட்டான, லண்டனில் இருந்த பிரிவி கவுன்சிலுக்கு. கொடுத்ததும் தீவாந்தர தண்டனை, அதாவது ஆயுளுக்கும் நாடு கடத்துவது, பெரியவர்கள் இன்றும் அப்படித்தான் சொல்வார்கள்.

நடந்தது என்னவென்றால், ஹைகோர்ட் செஷன்ஸில் ஜூரி வைத்து விசாரணை, ஜூரி குற்றவாளி என்றது, 1945-ல் தண்டனை. அப்பீலில் ஹைகோர்ட்டும் கைவிட்டது. பிரிவி கவுன்சில் நேராக விடுதலை செய்யவில்லை, அப்பீலை மறுபடி கேள் என்று இங்கேயே திருப்பி அனுப்பியது. எத்திராஜ் வாதாடினார். 1948-ல் பெண்களுக்குக் காலேஜ் ஆரம்பித்த அதே எத்திராஜ்தான். ஹாப்பல், ஷகாபுதீன் பெஞ்ச் 1947 ஏப்ரலில் விடுதலை செய்தது. விசாரித்ததும் தண்டித்ததும் விட்டதும் எல்லாம், நாங்கள் வெளியே நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த இதே சிவப்புக் கட்டடம். இதைச் சொல்லாமல் 1892-ல் கட்டியது, மேலே லைட்ஹவுஸ் இருந்தது என்று சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்? இரண்டரை வருஷம் உள்ளே இருந்துவிட்டு வந்த பாகவதருக்குப் பழைய மவுசு திரும்பவே இல்லை. விடுதலை உத்தரவில் அதற்கெல்லாம் வழி கிடையாது.

கடைசியாக சென்ட்ரல் பக்கம், பழைய ஜெயில் இருந்த இடம். ஆட்டோ சங்கர் 1990-ல் அங்கிருந்து தப்பியது, ரூர்கேலாவில் பிடிபட்டது, 1995-ல் சேலத்தில் தூக்கு, எல்லாம் உண்டு. அவன் சுயசரிதையை நக்கீரன் போடக் கிளம்பியபோது ஜெயில் அதிகாரிகள் தடுக்கப் பார்த்ததும், 1994-ல் சுப்ரீம் கோர்ட் 'வெளிவருவதற்கு முன்பே தடுக்க அரசுக்கு அதிகாரம் கிடையாது, அவதூறு என்றால் வெளிவந்த பிறகு கேஸ் போடு' என்று சொன்னதும் தம்பி சொன்ன கதையில் இல்லை. தனிமனிதர் அந்தரங்கம் பற்றி அந்தத் தீர்ப்பில் எழுதியதை 2017-ல் ஒன்பது நீதிபதிகள் உட்கார்ந்த பெஞ்சே எடுத்துப் பேசியது. ஆறு கொலை செய்தவன் பேரால் நமக்கு இப்படி ஒன்று கிடைத்திருக்கிறது, அதை விட்டுவிட்டு அவன் கையில் என்ன வாட்ச் கட்டினான் என்று ஐந்து நிமிஷம்.

மற்றபடி, மைக் கரகரக்கிறது, மூன்றரை மணி நேரத்தில் பாத்ரூம் வசதி ஒரே இடத்தில்தான், முட்டி வலிக்காரர்கள் யோசித்து வரவும். இட்லி சூடாக இருந்தது. ஐந்துக்கு மூன்று தருகிறேன், அதில் இரண்டு அந்தத் தம்பியின் வாய்க்கு.

முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டுப் பிரிவி கவுன்சில் விஷயத்தைச் சொன்னேன். கோபப்படவில்லை, நோட்டில் எழுதிக்கொண்டான். "சார், அடுத்த தடவை கோர்ட் பகுதியை நீங்களே பேசுறீங்களா?" என்று நம்பரும் வாங்கிக்கொண்டான். மூன்று வாரம் ஆகிறது, போன் வரவில்லை. குமாஸ்தாவுக்கு வாய்தா புதிதா என்ன, காத்திருக்கிறேன்.