காற்றுக் குழாய்க்கு ஒரு சைலன்சர்: நான்கு மாத அனுபவம்

போன ஜூனில் ஒரு காலை, பால் கிண்ணத்தைத் தொடாமல் உட்கார்ந்திருந்த என் ஒன்பது வயது மகள் கேட்டாள்: "அம்மா, தாத்தாவோட நெஞ்சைத் திறக்கப் போறாங்களா?"

முந்தின இரவு பத்து மணிக்கு என் வேலை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கோயம்புத்தூரில் ஆஸ்பத்திரியில் இருந்த அண்ணனிடம் பேசியிருந்தேன். அங்கே அப்போது ஒன்றரை மணி. அப்பாவுக்குக் காலையில் பைபாஸ் என்று அப்போதுதான் முடிவாகியிருந்தது. என் அறைக்கும் மகள் அறைக்கும் நடுவே குளியலறை இருக்கிறது. உனக்கு எப்படிக் கேட்டது என்றேன். கட்டிலுக்கு மேலே கூரையில் இருக்கும் வெள்ளை வட்டத்தைக் காட்டினாள். "அதுலதான் நீ பேசுறது வரும், எப்பவுமே."

இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம். அந்த அறையில் நான் பேசாத விஷயம் இல்லை. (அப்பா இப்போது நன்றாக நடக்கிறார்.)

வீடு ஜெர்மனியில் ஃப்ரைபர்க் பக்கம். இங்கே புது வீடுகளைக் காற்றுப் புகாமல் கட்டுவதால், பல வீடுகளில் காற்றோட்டத்துக்குத் தனியாக ஒரு மெஷின் வைக்கிறார்கள். சமையலறை, குளியலறைக் காற்றை வெளியே இழுத்து, அதன் சூட்டை உள்ளே வரும் புதுக் காற்றுக்குக் கொடுத்து, படுக்கையறைகளுக்கு அனுப்பும். மெஷினில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குழாய் போட்ட விதத்தில்தான் கோளாறு. மேல்மாடத்தில் 125 மி.மீ. தகரக் குழாய் ஒன்று ஓட, அதிலிருந்தே இரண்டு அறைக்கும் கிளை பிரித்திருக்கிறார்கள். வழுவழுப்பான தகரம் பேச்சை உறிஞ்சாது, அப்படியே கடத்திவிடும். இந்த ஊரில் இதற்கு 'டெலிஃபோனீஷால்' என்றே பெயர். தொலைபேசி மாதிரி அறைக்கு அறை பேச்சு போவதால் வந்த பெயர். கட்டிக் கொடுத்தவர்களிடம் கேட்டேன். மெஷின் சத்தம் வரம்புக்குள்தான் இருக்கிறது என்றார்கள். நான் கேட்டது மெஷின் சத்தத்தைப் பற்றியே இல்லை.

முதலில் வால்வுக்குள், அதாவது கூரையில் காற்று வரும் அந்த வெள்ளை வட்டத்துக்குள், ஒரு துண்டு ஸ்பாஞ்சைத் திணித்தேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பேச்சு கொஞ்சம் மங்கியது, ஆனால் காற்றும் நின்றுபோய், விடிந்தால் பிள்ளை அறையில் புழுக்கம்.

பிறகு வாங்கியதுதான் இந்த சைலன்சர். 1 மீட்டர் நீளம், உள்ளே நுண்துளைகள் போட்ட குழாய், அதைச் சுற்றி 50 மி.மீ. கனத்துக்குக் கனிமப் பஞ்சு, வெளியே அலுமினிய உறை. பேச்சொலி துளை வழியாகப் பஞ்சுக்குள் போய் அடங்குகிறது. உள்விட்டம் குறையாததால் காற்றுக்குப் பெரிய தடை இல்லை. ஒன்று 70 யூரோ, ஒவ்வொரு கிளைக்கும் ஒன்றாக இரண்டு வாங்கினேன். பஞ்சோடு சேர்த்து வெளிவிட்டம் 225 மி.மீ. வரும். வாங்கும் முன் இடத்தை அளந்துகொள்ளுங்கள். எங்கள் மேல்மாடத்தில் உத்தரத்துக்குக் கீழே இழுத்துப் பிடித்துத்தான் உட்கார்ந்தது. பொருத்த வந்தவர் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டு, வால்வில் புனல் வைத்து இரண்டு அறையின் காற்றையும் மறுபடி அளந்து சரிசெய்தார். மகள் அறைக்கு மணிக்கு 30 கன மீட்டர். இந்த அளவீட்டை விட்டுவிடும் ஆளைக் கூப்பிடாதீர்கள்.

நாங்களே ஒரு சோதனை செய்தோம். நான் என் அறையில் சாதாரணக் குரலில் 20 சொற்கள் படிக்க, மகள் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டதை எழுதினாள். பொருத்தும் முன் 17. பொருத்திய பிறகு, வேறு 20 சொற்களில் 2. அந்த இரண்டும் கதவடி இடுக்கு வழியாக வந்தவை என்று நினைக்கிறேன். அதை அடைக்கவும் முடியாது, அறைக்குள் வந்த காற்று வெளியேற அந்த இடுக்குதான் வழி.

குறையும் சொல்ல வேண்டும். கணவருடையது கட்டைக் குரல். அவர் பேசினால் சொல் புரியாது, ஆனால் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் இன்னும் வருகிறது. தாழ்ந்த ஒலிக்கு இந்தக் கனப் பஞ்சு போதாது. பாட்டை பேஸ் வைத்துக் கேட்கிற வீட்டில் இது ஏமாற்றம்தான் தரும். பேச்சுக்காக என்றால் தயங்காமல் வாங்கலாம்.

வீடு இனிமேல்தான் கட்டப்போகிறீர்கள் என்றால் வரைபடத்திலேயே பாருங்கள். ஒவ்வொரு அறைக்கும் பகிர்வுப் பெட்டியிலிருந்து தனிக் குழாய் வருகிறதா, அல்லது ஒரே குழாயில் கிளைகளா என்று. கிளை என்றால், கூரையை மூடும் முன்பே அறைகளுக்கு நடுவில் சைலன்சர் வைக்கச் சொல்லுங்கள். எங்களுக்கு மேல்மாடத்தில் ஏற வழி இருந்தது. கான்கிரீட்டுக்குள் புதைந்த குழாயாக இருந்திருந்தால் இதைச் செய்திருக்கவே முடியாது.

வெளியேற்றும் பக்கம் இன்னும் பாக்கி. குக்கர் விசில் சமையலறையிலிருந்து குளியலறை வால்வு வழியாகத் தெளிவாகக் கேட்கிறது. அங்கே இடம் கம்மி, 50 செ.மீ. நீளம்தான் போகும். அடுத்த மாதம் அதையும் வாங்கப்போகிறேன்.