பாலன் குடில் சுரூப செட்: மலைநாட்டு வீட்டுக்கு எதை வாங்குவது?

நவம்பர் பிறந்ததும் ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை, கண்டிக் கடைகளில், நத்தாருக்கு வீட்டில் வைக்கும் இயேசு பிறப்புக் குடில் செட்டுகள் கண்ணாடி அலுமாரியின் முன்வரிசைக்கு வந்துவிடும். மூன்று வகைதான் அதிகம்: நம் நாட்டில் வார்க்கும் பிளாஸ்டர் சுரூபங்கள், சீனாவிலிருந்து வரும் ரெசின் சுரூபங்கள், எல்லோரையும் ஒரே துண்டாக வார்த்த சின்ன ஷோகேஸ் குடில். அழகை மட்டும் பார்த்தால் ரெசின்தான் வெல்லும். ஆனால் குடிலின் முன்னால் தினமும் செபம் சொல்லும் வீட்டில் அழகு இரண்டாவது கேள்வி. முதலில் பார்க்க வேண்டியது, பாலன் இயேசு தீவனத் தொட்டியிலிருந்து தனியே எடுக்க வருகிறாரா என்பதை.

நத்தாருக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலம் நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வரும் ஞாயிறில் தொடங்குகிறது. நத்தாருக்கு முதல் நாள் வரை குறைந்தது 22 நாள், கூடினால் 28 நாள். அத்தனை நாளும் தீவனத் தொட்டி வெறுமையாக இருக்க வேண்டும். முதல் ஞாயிறன்று குடிலையும் மாட்டையும் கழுதையையும் மட்டும் வைத்துவிட்டு, மாதாவையும் சூசையப்பரையும் ஹோலின் மறுகோடியில் ஜன்னல் கட்டையிலோ டீவி மேசையிலோ நிறுத்துவது வழக்கம். இரவுச் செபம் முடிந்ததும் பிள்ளைகள் அவர்களை ஒரு சாண் தூரம் நகர்த்துவார்கள். 24ஆம் திகதி இரவு பூசைக்குப் போய்த் திரும்பியதும் லூக்கா 2:1-14 வாசித்து, வீட்டின் கடைக்குட்டி பாலனைத் தொட்டியில் கிடத்தும். சம்மனசு என்னும் வானதூதரும் இடையர்களும் அதற்குப் பிறகுதான். மூன்று ராசாக்கள் அப்போதும் அலுமாரி மேலேயே நிற்பார்கள். ஜனவரி 6ஐ ஒட்டி வரும் திருக்காட்சி ஞாயிறன்று, மத்தேயு 2:1-12 வாசிக்கும்போது வந்து சேர்வார்கள்.

இந்த நடமாட்டம் ஒன்றுமே ஒரே துண்டுக் குடிலில் நடக்காது. வாங்கிய அன்றே பாலன் பிறந்துவிட்டார், ராசாக்களும் வந்துவிட்டார்கள். காத்திருக்க எதுவும் இல்லை. ஷோகேஸுக்கு அது போதும், செபத்துக்குப் போதாது. ரோமில் திருவருகைக் கால மூன்றாம் ஞாயிறன்று பிள்ளைகள் தங்கள் வீட்டுப் பாலன் சுரூபத்தை மட்டும் புனித பேதுரு சதுக்கத்துக்குக் கொண்டுவந்து பாப்பரசரின் ஆசீர் பெறுகிறார்கள். இங்கேயும் அந்த ஞாயிறு பாலனைக் கோயிலுக்குக் கொண்டுபோய் ஃபாதரிடம் மந்திரித்து வரலாம். அதற்கும் பாலன் கையோடு வர வேண்டும்.

ஆகவே கடையில் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மேலே ஒட்டியிருக்கும் படத்தை நம்ப வேண்டாம். ரெசின் செட்டுகள் பலவற்றில் மற்ற எல்லோரும் தனித்தனியாக இருப்பார்கள், பாலன் மட்டும் தொட்டியோடு ஒட்டியிருப்பார். அடுத்தது தொட்டிக்குள் குழி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நல்ல காரியம் செய்தால் ஒரு புல் என்று பிள்ளைகள் டிசம்பர் முழுதும் தொட்டியை நிரப்பும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. வைக்கோலையும் சேர்த்தே வார்த்து மஞ்சள் பூசிய தொட்டியில் புல் நிற்காது, சரிந்து விழும். அப்படிப்பட்ட தொட்டியை ஒதுக்கிவிட்டு, பாலன் அடங்கும் அளவில் பலகைத் துண்டுகளால் ஒன்று செய்துகொள்வது மேல்.

அளவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். '8 அங்குல செட்' என்றால் அது நிற்கும் சூசையப்பரின் உயரம். முழந்தாளிட்ட மாதா ஐந்தரை, ஆறு அங்குலம்தான் இருப்பார். அந்த அளவுக்குப் பாலன் இரண்டரை அங்குலம் இருந்தால் சரி. ஐந்து அங்குலப் பாலனை வைத்து விற்கிறார்கள்; பிறந்த குழந்தை இல்லை, பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. ஆடு கழுதையைவிடப் பெரிதாக இருக்கும் செட்டும் உண்டு. லயக் காம்பராவுக்கு 6 அங்குலம் போதும், இரண்டடி அகல மேசையில் அடங்கிவிடும். தனி வீட்டுக்கு 8. பன்னிரண்டு அங்குலத்துக்கு நாலடி மேசையும் வருடம் முழுதும் வைக்க இடமும் வேண்டும். அதைக் கோயிலுக்கு விட்டுவிடலாம்.

இனி பிளாஸ்டர். எங்கள் தெரிவு இதுதான், ஆனால் மலைநாட்டில் இதற்கு ஒரு பெரிய பகை ஈரம். பிளாஸ்டர் இறுகினால் ஜிப்சம். அது நீரை உறிஞ்சும், கொஞ்சம் கரையவும் செய்யும். நத்தார் அவசரத்தில் வார்த்த சுரூபம் உள்ளே காயாமலேயே பெயின்ட் பூசப்பட்டு வந்துவிடும். உள்ளிருக்கும் ஈரம் வெளியேறப் பார்க்கும்போது பெயின்ட் கொப்புளம் போடும், முதலில் முகத்திலும் அங்கியின் மடிப்பிலும். கடையிலேயே கண்டுபிடிக்கலாம். சுரூபத்தைத் தூக்கி அடியில் நகத்தால் தட்டுங்கள்: காய்ந்தது 'டிங்' என்று கணீரென்று கேட்கும், ஈரமானது 'தொப்' என்று அடைத்த சத்தம் தரும். ஈரமானது கன்னத்தில் வைத்தால் சில்லென்றும் இருக்கும், அளவுக்கு மீறிய பாரமும் இருக்கும். அடிப்பக்கம் சாம்பல் புள்ளி தெரிந்தால் பூஞ்சணம் பிடித்துவிட்டது. விரல், கொம்பு, கழுதைக் காது போன்ற மெல்லிய இடங்களில் உள்ளே கம்பி வைத்திருப்பார்கள். அங்கே பழுப்புக் கறை கண்டால் கம்பி துருப்பிடித்துவிட்டது, அடுத்த வருடம் அந்த விரல் இருக்காது.

ஈரமான சுரூபத்தைச் சிலர் அடுப்படிப் பரணில் விறகோடு வைத்துக் காயவைக்கிறார்கள். இது மோசமான வேலை. புகை படிவது ஒருபுறம். சூடு கூடினால் ஜிப்சம் தனக்குள் இருக்கும் நீரையே இழந்து, தொட்டால் மாவாக உதிரும். நிழலில், காற்றோட்டத்தில், அடிப்பக்கம் திறந்திருக்கும்படி இரண்டு குச்சியின் மேல் படுக்கவைத்துப் பத்து நாள் விடுங்கள். மீண்டும் தட்டிப் பார்த்துக் கணீரென்றால் மினுங்காத வார்னிஷை மெல்லிய பூச்சாக இரண்டு தரம் பூசலாம். ஈரத்தின் மேல் வார்னிஷ் பூசினால் கொப்புளம் இன்னும் பெரிதாகும்.

உடைந்ததை ஒட்ட, துண்டு முழுதாக இருந்தால் தச்சு வேலைக்குப் பாவிக்கும் வெள்ளைப் பசை போதும். துண்டு காணாமல் போயிருந்தால் பிளாஸ்டர் குழைத்து நிரப்ப வேண்டும். ஒரு கரண்டி நீருக்கு இரண்டு கரண்டி பிளாஸ்டர் தூள். எப்போதும் நீரில் தூளைத் தூவுங்கள், தூளின் மேல் நீரை ஊற்றினால் கட்டி தட்டும். சுரூபத்தில் உடைந்த இடத்தை முதலில் நீரால் நனைக்காவிட்டால், காய்ந்த பிளாஸ்டர் புதியதன் நீரை இழுத்துவிடும், ஒட்டு ஒரு வாரத்தில் கழன்று விழும். பத்து நிமிடத்துக்குள் இறுகிவிடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகக் குழையுங்கள். திருத்தவே முடியாமல் போன, மந்திரித்த சுரூபத்தைக் குப்பையில் போடுவதில்லை. வீட்டுத் தோட்டத்தில் புதைப்பது வழக்கம். ஜிப்சம் மண்ணுக்குக் கெடுதல் செய்யாது.

ரெசினுக்கு இந்த ஈரத் தொல்லை கிடையாது. அடைமழை நாளில் திறந்த ஜன்னலோரம் நின்றாலும் ஒன்றும் ஆகாது. குறை, விரல்கள் கண்ணாடி மாதிரி முறியும். முகப் பெயின்ட் மெல்லியது, ஈரத் துணியால் இரண்டு தரம் துடைத்தால் கண் மறைந்துவிடும். உலர்ந்த தூரிகையால் தூசி தட்டினால் போதும். பாலன் தனியாக வரும் ரெசின் செட் கிடைத்தால், சின்னப் பிள்ளைகள் கையாளும் வீட்டுக்கு அதுவே நல்ல வாங்கல். அப்படி ஒன்று கிடைப்பதுதான் கஷ்டம்.

செட்டோடு தரும் ரெஜிபோம் குடிலை மட்டும் தயவுசெய்து பாவிக்க வேண்டாம். அதன் பக்கத்தில் மெழுகுதிரி எரிகிறது என்பதே போதுமான காரணம். நாலு மூங்கில் குச்சி, காய்ந்த மானாப்புல், பின்னால் கசக்கிய சீமெந்துப் பைக் கடதாசிக்குக் கரியும் பச்சையும் பூசிய மலை, இவை போதும். மானாப்புல்லை வெட்டி ஒரு வாரமாவது காயவைக்க வேண்டும். பச்சையாகக் கூரை வேய்ந்தால் மூன்றாம் ஞாயிறுக்குள் பூஞ்சண மணம் வரும். நிழல் மரத்திலிருந்து சுரண்டி எடுக்கும் பாசி குடிலுக்கு அழகுதான், ஆனால் பிளாஸ்டரின் அடி வழியாக அதன் ஈரம் மேலே ஏறும். பாசிக்குக் கீழே பொலித்தீன் விரித்து, ஒவ்வொரு சுரூபத்துக்கும் ஒரு தட்டைக் கல்லோ ஓட்டுத் துண்டோ வையுங்கள். மெழுகுதிரி புல்லுக்கு முன்னால் இரண்டு சாண் தள்ளி, மணல் நிரப்பிய கோப்பையில் நிற்கட்டும். திருவருகைக் கால வளையத்துக்கு மூன்று ஊதா, ஒரு ரோசா வேண்டும். ரோசா மெழுகுதிரி கடைகளில் அபூர்வம். வெள்ளைக்கு ரோசா ரிபன் கட்டினால் போதும். உள்வெளிச்சத்துக்குப் பவர் பேங்கில் எரியும் சின்ன எல்ஈடி வயர் நல்லது. சூடேறாது, மழையில் கரண்ட் போனாலும் குடில் இருட்டாகாது.

எடுத்து வைப்பதிலும் ஊருக்கு ஊர் வித்தியாசம் இருக்கிறது. ஊவாப் பக்கம், பதுளை பண்டாரவளையில், குடில் நிற்கும் மாதங்களிலேயே வடகீழ்ப் பருவமழை. அங்கே காட்சியில் இருக்கும்போதுதான் கவனம் வேண்டும். ஹட்டன் பக்கம் பெரும் மழை மே முதல் செப்டெம்பர் வரை, அப்போது சுரூபங்கள் பெட்டிக்குள் இருக்கும், யாரும் திறந்து பார்ப்பதில்லை. பத்திரிகைத் தாளில் சுற்ற வேண்டாம்; அது ஈரத்தையும் இழுக்கும், மையையும் ஒட்டும். பழைய பருத்திச் சேலைத் துண்டு நல்லது. உள்ளே உலோகத் தாள் ஒட்டிய பழைய தேயிலைப் பலகைப் பெட்டி வீட்டில் மிஞ்சியிருந்தால் அதற்கு நிகர் இல்லை, தேயிலைக்கு ஈரம் ஏறாமல் இருக்கவே அப்படிச் செய்தார்கள். ஜூலையில் ஒரு வெயில் நாள் பார்த்துப் பெட்டியைத் திறந்து காற்றாட விடுங்கள்.

முழு செட்டுக்குக் கை எட்டாவிட்டால் பாலனையும் தொட்டியையும் மட்டும் வாங்குங்கள். 1223இல் இத்தாலியின் கிரேச்சோவில் புனித பிரான்சிஸ் அசிசியார் வைத்த குடிலில் சுரூபமே கிடையாது. தொட்டி, வைக்கோல், உயிருள்ள மாடும் கழுதையும்தான். அடுத்த வருடம் மாதாவும் சூசையப்பரும், பிறகு இடையர்கள் என்று சேர்க்கலாம், அளவை மட்டும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். தனிச் சுரூபங்கள் நவம்பர் நடுப்பகுதியில்தான் தெரிவு செய்யக் கிடைக்கும். டிசம்பர் பாதிக்கு மேல் போனால் அலுமாரியில் இருப்பது ஒட்டகமும் மூக்குடைந்த இரண்டாம் ராசாவும்தான்.