குழந்தையின் லைஃப் ஜாக்கெட்: 50-ஆ, 100-ஆ?

ஜாக்கெட்டைக் கையில் வாங்கியதும் உள்பக்க லேபிளைத் திருப்பிப் பாருங்கள். லைஃப் ஜாக்கெட்டுகளுக்கான சர்வதேசத் தர வரிசையான ஐஎஸ்ஓ 12402-இல் மிதப்புத் தரம் 50 என்றிருந்தால், அது நீந்தத் தெரிந்தவருக்கான மிதவை உதவி மட்டுமே. கை வீச வசதியாக இருக்கும். ஆனால் குப்புற விழுந்த குழந்தையை அது புரட்டிவிடும் என்று நம்ப முடியாது. நீந்தத் தெரியாத பிள்ளைக்கு அது வேண்டவே வேண்டாம்.

100 வகையில் நுரை பெரும்பாலும் மார்பிலும் கழுத்துக்குப் பின்னாலும் இருக்கும். அந்த மிதப்புதான் உடலை மல்லாக்கத் திருப்பி, வாயை நீருக்கு மேலே நிறுத்துகிறது. பருமனானது, வெயிலில் பிள்ளை சிணுங்கும். பரவாயில்லை, படகில் இதையே போடுங்கள்.

தளர்வாக இருந்தால் 100-உம் வீண். வயதை விட்டுவிட்டு, லேபிளில் உள்ள கிலோ வரம்பைப் பாருங்கள். "வளர்ற பிள்ளைதானே" என்று ஓர் அளவு பெரிதாக வாங்காதீர்கள். எல்லா பக்கிளையும் பூட்டி, கவட்டுப் பட்டையை (கால்களுக்கு இடையே போகும் பட்டை) இறுக்கி, ஜாக்கெட்டின் இரு தோள்களையும் பிடித்து மேலே இழுங்கள். காது வரை ஏறினால் சின்ன அளவு கேளுங்கள். கவட்டுப் பட்டை இல்லையென்றால் தண்ணீரில் ஜாக்கெட் மேலே எழும்பும், பிள்ளை கீழே நழுவும்.